விடுதியின் பகல் பொழுது

(சமூகப்பணி மாணவர்களும் காப்பகப் பணியாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் தூக்கத்துக்கு விலைப்பட்டியல் இருந்தது. ஒரு பென்னி கொடுத்தால் கணப்பு மூட்டிய கூடத்தில் பெஞ்சில் உட்காரலாம். படுக்கக் கூடாது. இரண்டு பென்னி என்றால் பெஞ்சுக்கு முன்னால் குறுக்காக ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதன்மேல் கைகளைப் போட்டுச் சாய்ந்தபடியே தூங்கலாம். விடிந்ததும் கயிறு போய்விடும், தூக்கமும் போய்விடும். நான்கு பென்னி வைத்திருந்தவருக்கு வரிசையாக அடுக்கிய மரப்பெட்டிகளில் ஒன்று கிடைக்கும், போர்த்திக்கொள்ள ஒரு தார்ப்பாய். பார்த்தால் சவப்பெட்டிதான். ஊரும் அதை அப்படியே அழைத்தது. கயிற்றுத் தூக்கத்தைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதை ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தப் பெட்டிகளை அடுக்கியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். நான்கு பென்னிப் பெட்டியை நடத்தியது இரட்சணிய சேனை. அந்தக் காலத்தில் தெருவில் விறைத்துச் செத்தவர்களைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் இறங்கி வேலை செய்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கண்ணில் பட்ட ஆபத்து இரவு. ஆகவே இரவுக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். விடிந்த பிறகு அந்த மனிதர் எங்கே போவார், என்ன செய்வார், அடுத்த மாதம் எங்கே இருப்பார் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. வீடற்றோர் விடுதி என்ற அமைப்பு பெரும்பாலும் இந்த ஒற்றைக் கண்ணோடுதான் பிறந்தது. இன்றைக்கு நான் பேசப்போவது, அந்த விடுதிக்குப் பகலையும் பார்க்கக் கற்றுக்கொடுத்த சில முயற்சிகளைப் பற்றி. அவற்றில் எது பலித்தது, எது பாதியில் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு நல்ல மனிதரின் கதை. மாண்டேகு கோரி என்பவர் இங்கிலாந்துப் பிரதமர் டிஸ்ரேலியிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். பின்னாளில் ரௌட்டன் பிரபு ஆனார். தொழிலாளர்கள் இரவு தங்கும் இடங்களின் நாற்றத்தையும் மூட்டைப்பூச்சியையும் பார்த்துவிட்டு, சொந்தப் பணம் 30,000 பவுண்டைப் போட்டு, 1892 கடைசியில் வாக்ஸால் பகுதியில் ஒரு பெரிய விடுதியைத் திறந்தார். ஓர் இரவுக்கு ஆறு பென்னி. ஒவ்வொருவருக்கும் மரத்தடுப்பு போட்ட தனிச் சிற்றறை, சுத்தமான விரிப்பு, குளிக்க வெந்நீர், படிக்க ஒரு கூடம், புகைக்க ஒரு கூடம். அதுவரை லண்டன் ஏழை கண்டிராத மரியாதை அது. வாக்ஸாலையும் சேர்த்து அடுத்தடுத்து ஆறு கட்டடங்கள் எழுந்தன. வைட்சாப்பலில் இருந்த கட்டடத்தில் 1907இல் கட்சி மாநாட்டுக்கு வந்த ஸ்டாலின் தங்கிப் போனார் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் சங்கதி. ஆறாவதும் மிகப் பெரியதும் காம்டன் டவுனில் 1905இல் திறந்த ஆர்லிங்டன் ஹவுஸ். ஆயிரம் பேருக்கு மேல் படுக்கலாம்.

ஆர்வெல்லுக்கும் இந்த விடுதிகள் பிடித்திருந்தன. கண்டிப்பான சட்டதிட்டங்கள்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. சமைக்கக் கூடாது, சீட்டு ஆடக் கூடாது என்று ஒரு வரிசை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொரு விதி. காலையில் படுக்கைப் பகுதியைப் பூட்டிவிடுவார்கள். மாலையில்தான் திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் கூடங்களில் உட்காரலாம், ஆனால் காசு கொடுத்துப் பெற்ற தன் சிற்றறைக்குள் போக முடியாது. உடம்பு சரியில்லை, இன்றைக்குப் படுத்திருக்கிறேன் என்று சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை.

இந்த ஆர்லிங்டன் ஹவுஸில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் யார் தங்கினார்கள்? பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள். போருக்குப் பின் லண்டனின் சாலைகளையும் சுரங்கப் பாதைகளையும் கட்டடங்களையும் எழுப்பிய கைகள். ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, அடுத்த வருடம் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சிற்றறையில் படுத்தவர்களில் பலர் பத்து, இருபது, முப்பது வருடம் அங்கேயே கிடந்து முதுமையடைந்தார்கள். வேலை செய்ய முடிந்தவரை வேலை; முடியாதபோது குடி. யாரும் அவர்களை அடித்துத் துன்புறுத்தவில்லை. ஆனால் ஆயிரம் பேர் இருந்த கட்டடத்தில், உனக்கு என்ன வேலை தெரியும், உன் காகிதங்கள் எங்கே, உனக்கென்று ஒரு வீடு வேண்டாமா என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. கதவுக்குக் காவலாளிகள், கணக்குக்குக் குமாஸ்தாக்கள், துடைக்க ஆட்கள். பணியாளர் பட்டியல் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

இதை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்து அரசுக்கு வந்த வழி கொஞ்சம் விநோதமானது. 1998இல் ஓர் இரவில் நாடு முழுவதும் தெருவில் படுத்திருந்தவர்கள் சுமார் 1,850 பேர் என்று கணக்கெடுத்தார்கள். 2002க்குள் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்போம் என்று பிளேர் அரசு சொன்னது. அதற்கென ஒரு தனிப் பிரிவை 1999இல் அமைத்து, லூயிஸ் கேஸி என்ற அம்மையாரைத் தலைவராக்கினார்கள். சொன்ன காலத்துக்கு முன்பே இலக்கை எட்டியும் விட்டார்கள். ஆனால் தெருவிலிருந்து எழுப்பி விடுதிக்குக் கொண்டுவந்த ஆட்கள் மறுபடி தெருவுக்கே போனார்கள், அல்லது ஆர்லிங்டன் ஹவுஸ் அயர்லாந்துக்காரர்களைப்போல விடுதியிலேயே தேங்கினார்கள். எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் விடுதி என்ற பொருளையே எடுத்து ஆராய வேண்டியிருந்தது.

2005இல் விடுதிகளைச் சீரமைக்க 90 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார்கள். பிறகு அந்தத் திட்டத்துக்கு ‘மாற்றத்தின் இடங்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெயர் கொஞ்சம் அலங்காரம்தான். உள்ளே இருந்த விஷயம் நல்ல விஷயம். பணம் வேண்டுமென்றால் சுவருக்கு வண்ணம் அடித்தால் மட்டும் போதாது. தங்குபவர்களைக் கலந்துபேசி வரைபடம் போட வேண்டும், பயிற்சிக்கும் வேலைக்கும் கட்டடத்துக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும், பணியாளர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

வரவேற்பு மேசையின் கண்ணாடித் தடுப்பிலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய விடுதிகளில் நுழைந்ததும் முதலில் தெரிவது அதுதான். தடித்த கண்ணாடி, அதில் பேசுவதற்கு ஒரு சிறு துவாரம், உள்ளே ஒரு பணியாளர். நீ ஆபத்தானவன் என்ற செய்தியை அந்தக் கண்ணாடி ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் அடிதடி கூடும் என்று பணியாளர்கள் பயந்தார்கள். நியாயமான பயம்தான், அடிபட்டவர்கள் அவர்கள். ஆனாலும் பல இடங்களில் எடுத்தார்கள். வெளிச்சம் வரும்படி சுவரை உடைத்தார்கள். படுக்கைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் படுத்த ஆர்லிங்டன் ஹவுஸ் இந்தச் சுற்றில்தான் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டு 2010இல் திறந்தது. இப்போது நூற்றைச் சற்றே தாண்டும் அளவில்தான் ஆட்கள். மீதி இடத்தில் பயிற்சிக்கூடம், கலைஞர்களுக்கான பட்டறைகள், வெளியாருக்கு வாடகைக்கு விடும் கூட்ட அரங்குகள். ஊர்க்காரர்கள் உள்ளே வந்துபோகும் கட்டடமாகிவிட்டது.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஆட்களை நியமித்த விதம். டேம்ஸ் ரீச் என்ற லண்டன் அமைப்பு, ஒரு காலத்தில் தானே வீடில்லாமல் இருந்தவர்களைப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு வேலைக்கு எடுப்பதை 2005 வாக்கில் ஒரு கொள்கையாகவே வைத்தது. தயவுக்கு எடுத்துப் பெருக்கிக் கூட்ட வைப்பதல்ல. தெருவில் இருப்பவரை அணுகிப் பேசுவது, வழக்கைக் கையாள்வது போன்ற முழுநேர வேலைகள். நேற்று அடுத்த அறையில் படுத்திருந்தவர் இன்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால், பார்ப்பவருக்கு எந்தச் சுவரொட்டியும் தேவையில்லை. நம் ஊரில் காப்பகங்களுக்குக் காப்பாளர் எடுக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்கிறோம், பட்டப்படிப்பு கேட்கிறோம். பிளாட்பாரத்தில் படுத்த அனுபவம் உண்டா என்று கேட்டால் அதையும் ஒரு தகுதியாகக் கொள்ளலாம்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 2010இல் ராபின் ஜான்சன், ரெக்ஸ் ஹேய் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். விடுதியில் கதவை உதைப்பவர், கத்துபவர், மற்றவர் பொருளை எடுப்பவர் ஆகியோரில் பலர் குழந்தைப் பருவத்திலிருந்தே அடிபட்டவர்கள். அனாதை இல்லம், சிறை, ராணுவம் என்று வாழ்க்கை முழுக்க நிறுவனங்களில் கழித்தவர்கள். அவர்களிடம் விடுதி காட்டும் முகமும் இன்னொரு சிறை வார்டனின் முகமாக இருந்தால் அவர்களும் பழைய கைதியாகவே நடந்துகொள்வார்கள். எனவே பணியாளர்கள் அவ்வப்போது ஓர் உளவியலாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும்: நேற்று அவர் கத்தியபோது நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன்? பழைய விடுதிகளின் கடைசி ஆயுதம் வெளியேற்றம். மூன்று எச்சரிக்கை, பிறகு வெளியே. அவர் அடுத்த விடுதிக்குப் போவார், அங்கேயும் மூன்று எச்சரிக்கை. சிலர் நகரத்தின் எல்லா விடுதிகளிலும் வெளியேற்றப்பட்டவர்களாக இருந்தார்கள். வெளியேற்றுவதை விதியாக வைத்திருந்த இடங்களில் அதைத் தோல்வியாகக் கணக்கெழுதச் சொன்னது இந்தக் கருத்து. பணியாளருக்கு இதனால் வேலை கூடுகிறது, மறுக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கத்துகிறவரிடம் பொறுமையாக நிற்க ஒருவரால் எத்தனை நாள் முடியும்? சம்பளத்தையும் ஓய்வையும் உயர்த்தாமல் இந்தக் கருத்தை மட்டும் இறக்குமதி செய்தால் காப்பாளருக்கு இன்னொரு சுமை, அவ்வளவுதான்.

இப்படி அழகான கட்டடம், நல்ல பணியாளர், பயிற்சிக்கூடம் எல்லாம் அமைந்தும் இங்கிலாந்தில் என்ன நடந்தது? 2010இல் தெருவில் படுத்தவர்கள் 1,768 பேர் என்று மதிப்பிட்டார்கள். 2017இல் அது 4,751. ஏழு வருடத்தில் இரண்டரை மடங்குக்கு மேல். விடுதிகள் கெட்டுப்போனதால் அல்ல. விடுதியின் இரு பக்கமும் கெட்டுப்போயின. உள்ளே உதவியாளர்களை வைக்கத் தனியாக ஒதுக்கிய நிதியை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்ற பாதுகாப்பு வேலியை 2009இல் எடுத்தார்கள், பிறகு சிக்கன நடவடிக்கையில் உள்ளாட்சிகள் அதை வெட்டின. வெளியே வாடகை ஏறியது, வாடகைக்கான அரசு உதவி குறைந்தது. சமையல் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு நிற்கிறவருக்குப் போக ஓர் அறை கிடைக்கவில்லை. அவர் விடுதியிலேயே இருந்தார், அவர் இடத்துக்கு வர வேண்டியவர் தெருவிலேயே இருந்தார். மடை அடைத்த ஏரியில் வண்டல் படிவதுபோல விடுதி மேடிட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் பின்லாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். விடுதியைச் செப்பனிடாமல், விடுதி என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டு வீடாக்கினார்கள்.

குளிர் நாடு. அங்கே தெருவில் படுத்தால் சாவு. 1980களில் ஹெல்சிங்கியில் விடுதிப் படுக்கைகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் தனித்து வாழ்ந்த ஆண்கள், குடிக்கு அடிமையானவர்கள். குடியை விட்டால் அடுத்த படி, அங்கே ஒழுங்காக இருந்தால் அதற்கடுத்த படி, கடைசிப் படியில் வீடு என்று ஒரு ஏணி வைத்திருந்தார்கள். ஏறியவர்கள் உண்டு. முதல் படியிலேயே வழுக்கி வழுக்கி இருபது வருடம் கழித்தவர்களும் உண்டு. 2007இல் அரசு ஒரு நால்வர் குழு அமைத்தது, அதில் ஒரு பிஷப்பும் இருந்தார். ஏணியைத் தலைகீழாகத் திருப்புங்கள், வீட்டை முதலில் கொடுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் 1992 முதல் செய்துவந்ததும் இதேதான். பின்லாந்து அதை நாட்டின் கொள்கையாக்கியது. அதை முன்னின்று நடத்திய வீட்டுவசதி அமைச்சர் வலதுசாரிக் கட்சிக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இப்படி ஒன்றைச் சொன்னதும் எந்தக் கட்சி என்றுதான் முதலில் கேட்பார்கள். 2008இல் திட்டம் தொடங்கியது. பத்து நகரங்களில் 1,250 புதிய வீடுகள் என்பது முதல் இலக்கு.

ஹெல்சிங்கியில் ஆல்ப்பிகாட்டு 25 என்று ஒரு விலாசம். இரட்சணிய சேனை 1936இல் எழுப்பிய கட்டடம், நாட்டின் மிகப் பெரிய விடுதிகளில் ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் அறைகளைப் பகிர்ந்துகொண்டு படுத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் உள்சுவர்களை மாற்றி ஏறக்குறைய 80 தனி வீடுகளாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் சமையல் மூலை, குளியலறை, தனிச் சாவி. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகை ஒப்பந்தம். தங்குகிறவர் தம் பெயரில் கையெழுத்துப் போடுகிறார். வாடகை கொடுக்கிறார். வருமானம் போதாதவருக்கு நாட்டில் எல்லோருக்கும் உள்ள வாடகை உதவியே கிடைக்கும். வீடற்றோர் என்று தனியாக முத்திரை குத்திய உதவி தேவையில்லை. நாளைக்குப் பணியாளருக்கு அவர் முகம் பிடிக்கவில்லை என்றாலும் வெளியே போ என்று சொல்ல முடியாது. சட்டம் இருக்கிறது, குடியிருப்பவருக்கு உள்ள எல்லா உரிமையும் அவருக்கும் உண்டு.

அப்படியானால் குடி? குடிக்காதே என்று நூற்றைம்பது வருடமாகப் போதித்துவரும் இயக்கம் நடத்தும் கட்டடத்தில், குடியிருப்பவர் தம் வீட்டுக்குள் குடிப்பதைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. எனக்கு இதைக் கேட்டபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, உங்களுக்கும் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் தெருவில் குடிக்கிற வீட்டுக்காரரிடம், நீ குடிப்பதால் உன் வீட்டைப் பூட்டுகிறேன் என்று யாராவது சொல்கிறோமா? ஏழையிடம் மட்டும் ஒழுக்கம் வாடகைக்கு முன்பணமாகக் கேட்கப்படுகிறது. வீடு கிடைத்த பிறகு குடியைக் குறைத்துக்கொள்ள உதவும் ஆட்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். தேவையென்றால் அவர் கதவைத் தட்டலாம். தட்டாவிட்டாலும் வீடு வீடுதான்.

பணியாளரின் வேலை இங்கேதான் தலைகீழாக மாறியது. காவல் காத்தவர்கள் விருந்தாளியாகக் கதவைத் தட்ட வேண்டிவந்தது. பலருக்கு அது கஷ்டமாக இருந்தது, சிலர் வேலையை விட்டார்கள். இன்னொரு சிக்கல் அக்கம்பக்கத்தார். நம்மவர்களைப்போலவே அவர்களும், எங்கள் தெருவில் வேண்டாம் என்றார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதைவிடப் பலித்த வழி, குடியிருப்பவர்களே அணி அணியாகப் போய்ப் பூங்காவையும் நடைபாதையையும் சுத்தம் செய்தது. அதற்குச் சிறு ஊதியமும் உண்டு. காலை எட்டு மணிக்கு எழுந்து எட்டு மணி நேரம் உழைக்கச் சொன்னால் முடியாதவரால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் முடிகிறது. வராத நாளுக்குத் தண்டனை இல்லை. அடுத்த நாள் வரலாம். வாய்ப்பு என்று நாம் பேசும்போது எப்போதும் தையல் மெஷினும் கணினிப் பயிற்சியும் நம் மனத்தில் வருகின்றன. இருபது வருடம் தெருவில் இருந்தவருக்கு முதல் வாய்ப்பு, நேரத்துக்கு ஓர் இடத்துக்குப் போய்வருவதுதான்.

செலவு? தாம்பரே நகரத்தில் இப்படி மாற்றிய ஒரு குடியிருப்பை ஆராய்ந்தபோது, ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14,000 யூரோ மிச்சமானது தெரிந்தது. அவசர சிகிச்சை, காவல் நிலையம், போதை நீக்கும் மையம் என்று அவர் அலைந்த அலைச்சல் குறைந்ததால் வந்த மிச்சம். ஹெல்சிங்கியில் 2016 வாக்கில் விடுதிப் படுக்கை என்று மிஞ்சியது 52 மட்டும். நாடு முழுவதும் வீடற்றோர் எண்ணிக்கை 1987இல் 18,000க்கு மேல், 2023இல் 3,429. அடுத்த ஆண்டில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அரசு உதவிகளை வெட்டத் தொடங்கியதும் ஏறியிருக்கிறது. இங்கிலாந்தில் நடந்ததே அங்கும் தலைகாட்டுகிறது.

பின்லாந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. அவர்களால் முடிந்ததற்குக் காரணம் உண்டு. ஹெல்சிங்கி நகராட்சியே நகர நிலத்தில் 70 விழுக்காட்டுக்குச் சொந்தக்காரர். நகரவாசிகளில் ஏழில் ஒருவர் நகராட்சி வீட்டில் குடியிருக்கிறார். 1985இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை, சூதாட்ட இயந்திரங்களிலிருந்து வந்த வருமானத்தை மானியமாகப் பெற்று, சாதாரண அடுக்குமாடிகளில் ஒன்று இரண்டாக வீடு வாங்கி வீடற்றோருக்கு வாடகைக்கு விட்டது. இன்று அதனிடம் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். விடுதியை மூட முடிந்தது, வெளியே வீடு இருந்ததால்.

நமக்கு என்ன இருக்கிறது? 2009 டிசம்பரில், கடுங்குளிரில், டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிகத் தங்குமிடத்தை மாநகராட்சி அகற்றியது. அந்த விவகாரம் உணவுரிமை வழக்கின் வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1 லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம் என்ற கணக்கில் நகரங்கள் அமைக்க வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் நீதிமன்றம் சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறையிலும் அது ஏறியது. ஆளுக்கு 50 சதுர அடி, அடையாள அட்டை எடுத்துத் தருவது, அரசுத் திட்டங்களோடு இணைப்பது எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் நம் காப்பகம் ரௌட்டன் பிரபுவின் விடுதியைத் தாண்டி எப்போதோ போய்விட்டது.

ஆனால் நடைமுறை வேறு. சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி வருவது நள்ளிரவில். அவருக்குப் பகல்தான் இரவு. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவர் திரும்புவது பின்னிரவில். இவர்களை இரவு எட்டு மணிக்குள் வா, காலை எட்டு மணிக்குப் போ என்று நடத்தும் காப்பகம் வேலை செய்கிறவனுக்கு இல்லை, வேலை இல்லாதவனுக்கு என்றாகிவிடுகிறது. 24 மணி நேரம் என்ற விதியை எழுத்துப்படி நடத்தினாலே அது முதல் வேலைவாய்ப்புத் திட்டமாகிவிடும். பூட்டு வைத்த ஒரு பெட்டியும் சேர்த்துக் கொடுங்கள். கூலிப் பணத்தையும் ஆதார் அட்டையையும் இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குகிறவரால் நிம்மதியாகத் தூங்க முடியாது, தொலைந்தால் மறுபடி அட்டை எடுக்க விலாசமும் இல்லை.

இன்னொன்று, சென்னைத் தெருக்களில் இருப்பவர்கள் தனி ஆட்கள் மட்டும் அல்லர். பாரிமுனை, சௌகார்பேட்டை, ராயபுரம் பக்கம் பாட்டி, மகள், பேரன் என்று தலைமுறையாகக் குடும்பமாக நடைபாதையில் வாழ்கிறார்கள். ஆண்கள் காப்பகம், பெண்கள் காப்பகம், சிறுவர் காப்பகம் என்று நாம் பிரித்து வைத்திருப்பது இவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது. குடும்பத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டு யார் உள்ளே வருவார்கள்? இவர்களுக்குத் தேவை வீடு. கொடுக்கும் வீடும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் இருந்தால், பாரிமுனையில் பூக்கட்டிப் பிழைப்பவர் பகலுக்குப் பேருந்தும் இரவுக்குப் பழைய நடைபாதையும் என்று இருப்பார். அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

நம் மண்ணில் வேறு மாதிரி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. சரபோஜி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாடும் தங்குமிடமும் மட்டுமின்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு வைத்தியமும் உண்டு. சாதி பார்த்துப் பந்தி போட்ட காலம் அது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் தங்க வந்தவருக்குப் பகலும் உண்டு என்று அந்த ஏற்பாடு அறிந்திருந்தது.

இன்றைய உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய தி பானியன், மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களை மீட்டுச் சிகிச்சை கொடுத்தது. குணமான பலர் ஊர் திரும்பினார்கள். திரும்ப வீடில்லாதவர்கள் இல்லத்திலேயே வருடக்கணக்கில் தங்கிப்போனார்கள், ஆர்லிங்டன் ஹவுஸ் கதைதான். 2015 முதல் அவர்களில் நான்கைந்து பேராக, யாரோடு சேர்ந்திருக்க விருப்பம் என்று கேட்டு, ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைக்கத் தொடங்கினார்கள். கூடவே உதவிக்கு ஒரு பெண். மளிகைக்குக் கடைக்குப் போவது, என்ன சமைப்பது என்று சண்டை போடுவது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு மொய் வைப்பது எல்லாம் அவர்கள் பாடு. சிலர் வேலைக்கும் போகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. பின்லாந்தின் நிலமும் சூதாட்டப் பணமும் இல்லாமல், வீட்டுக்காரர்களிடம் பேசி வாடகைக்கு எடுத்துச் செய்தது இது. வாடகைக்கு வீடு கேட்டு எத்தனை பேர் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாநகராட்சிக் காப்பகங்களிலும் இதில் ஒரு பகுதியைச் செய்ய முடியும். ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஆண்டுதோறும் ஐந்து வீட்டு வாடகைக்கு முன்பணம் ஒதுக்குங்கள். மூன்று மாதம் ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிற ஐந்து பேரை அதில் குடிவையுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மூன்று மாத நிபந்தனையைப் பின்லாந்துக்காரர் கேட்டால் சிரிப்பார். ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில் இருக்கட்டும். காப்பாளர் மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதற்கு அவருக்குப் பயணப்படியும் நேரமும் வேண்டும். பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இந்த மாதம் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள். அதிகாரிகள் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்களோ அந்த வேலைதான் நடக்கும்.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் வைத்திருக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் காப்பாளர்கள் ஒன்பது மணிக்குப் பணியில் இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் அவர்கள் முதலில் பேசட்டும், நான் சொன்னதில் எது நடக்காது என்பதிலிருந்தே தொடங்கட்டும்.